செ. 12:4 – இதழ்ப் பெயர்ச் சுருக்கங்கள் குறித்துச் சில குறிப்புகள்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் நூலகம் நூலகமாகப் போய் உட்கார்ந்து எழுதிய குறிப்பட்டைகள் அதில்தான் கிடக்கின்றன. லாஸ்பேட்டைக்குள்ளேயே மூன்று முறை வீடு மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அந்த டின்னும் கூடவே வந்தது. கரையான் அரிக்காமல் இருந்ததே பெரிய விஷயம். சென்ற மாதம் ஆய்வு மாணவி ஒருவர் வந்திருந்தார். ‘சேரி’ என்ற சொல்லின் பொருள் எப்போது, யாரால், எப்படி இழிவாக்கப்பட்டது என்பது அவருடைய ஆய்வேட்டின் ஓர் இயல். “நம்மகிட்ட ஒரு குறிப்பு இருக்கு” என்று பெருமையாகச் சொல்லி டின்னைக் கவிழ்த்தேன். அட்டையும் கிடைத்தது. என் கையெழுத்துதான். “சேரி – இழிபொருள் பிற்காலத்தது. செ. 12:4”. அவ்வளவுதான்.

“தோழர், இந்த ‘செ.’ எந்தச் ‘செ.’?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மதுரைத் தமிழ்ச் சங்கம் 1902 இறுதியில் தொடங்கிய ‘செந்தமிழ்’ ஆகவும் இருக்கலாம்; 1923இல் தொடங்கிய ‘செந்தமிழ்ச் செல்வி’ ஆகவும் இருக்கலாம். முன்னது என்றால் பன்னிரண்டாம் தொகுதி 1914 வாக்கில் வந்தது. பின்னது என்றால் 1934 வாக்கில். இருபது வருஷம்தானே, இதிலென்ன என்று தோன்றலாம். அந்த இருபது வருஷத்துக்குள்தான் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை 1922இல் சென்னை அரசு ஆணை வழியாக ஏற்றது. 1925இல் ‘குடி அரசு’ வந்தது. ஒரு சொல்லின் இழிபொருளை ஒரு புலவர் மறுப்பது, இந்த இயக்கங்களுக்கு முன்பா பின்பா என்பதைப் பொறுத்து அந்த மறுப்பின் பொருளே மாறிவிடும். முன்பு என்றால் அது ஒரு முன்குரல். பின்பு என்றால் அது ஒரு பதில். சில வேளை சமாளிப்பு. மாணவியின் இயல் நிற்பதும் விழுவதும் ஒரு ‘செ.’ மேல் என்றாகிவிட்டது.

சோம்பல்தான் காரணம். அட்டை சிறியது, கை வலிக்கிறது, பசி வேறு. ‘செ.’ என்று எழுதினால் எனக்குப் புரியாதா என்ன? அன்று புரிந்தது. அன்றைக்கு நான் வாசித்துக்கொண்டிருந்தது எது என்று அன்றைக்குத் தெரியும். சுருக்கம் எழுதுகிறவன் எப்போதும் தன் நிகழ்காலத்தை நம்பித்தான் எழுதுகிறான்.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. ‘செந்தமிழ்ச் செல்வி’ தன் ஆண்டுத் தொகுதியைச் ‘சிலம்பு’ என்றும் மாத இதழைப் ‘பரல்’ என்றும் அழைத்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ‘தமிழ்ப் பொழில்’ அதற்குத் ‘துணர்’, ‘மலர்’ என்று பெயர் வைத்தது. ‘செந்தமிழ்’ தொகுதி, பகுதி என்றே போட்டது. ஆக நான் மட்டும் ‘சிலம்பு 12 பரல் 4’ என்றோ ‘தொகுதி 12 பகுதி 4’ என்றோ எழுதியிருந்தால், இதழின் பெயரையே எழுதாமல் விட்டிருந்தாலும் எது என்று இன்று தெரிந்திருக்கும். ஆனால் நானோ ஆங்கில ஆய்வுப் புத்தகங்களைப் பார்த்து நாகரிகமாக முக்காற்புள்ளி வைத்து ‘12:4’ என்று போட்டிருக்கிறேன். சிலம்பும் போச்சு, பரலும் போச்சு.

இதழ்ப் பெயரைச் சுருக்குவது என்கிற சின்ன விஷயத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது என்று அன்றிரவுதான் எனக்கு உறைத்தது. அது எழுதப்படாத வரலாறு அல்ல. நூலகவியல்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். நாம்தான் அதை நம்முடைய பிரச்சினையாகப் பார்த்ததில்லை.

சுருக்கம் தமிழுக்குப் புதிதல்ல. பேச்சில் பெயர் சுருங்குவதை இலக்கணக்காரர்கள் மரூஉ என்றார்கள். தஞ்சாவூர் தஞ்சை ஆனதும் புதுச்சேரி புதுவை ஆனதும் அப்படித்தான். நான் குடியிருக்கும் பேட்டையின் பெயரிலேயே ஒருவர் சுருங்கிக் கிடக்கிறார். 1765 முதல் 1777 வரை இங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த ழான் லா தெ லோரிஸ்தோன் பெயரால் வந்ததுதான் லாஸ்பேட்டை என்பார்கள். அவருடைய பெரியப்பா ஜான் லாவைப் பாரீஸ்காரர்கள் ‘லாஸ்’ என்றே உச்சரித்தார்களாம். அந்த ஆளுநரின் நீண்ட பெயரை நம் சனங்கள் ஒற்றை அசையாக்கிப் பேட்டையோடு ஒட்டிவிட்டார்கள். இந்த மாதிரிச் சுருக்கத்துக்குப் பட்டியல் எதுவும் கிடையாது. வாய்தான் பட்டியல். பல தலைமுறை வாய்கள் சேர்ந்து செய்தது என்பதால் அதை யாரும் மறப்பதில்லை.

அச்சில் வந்த சுருக்கம் வேறு. உ.வே. சாமிநாதையர் 1887இல் ‘சீவக சிந்தாமணி’யைப் பதிப்பித்ததிலிருந்து தொடங்கிய பதிப்பு மரபில், ஒரு சொல்லுக்கு ஒப்புமைப் பகுதி காட்ட வேண்டுமென்றால் ‘புறநா.’, ‘சிலப்.’, ‘குறுந்.’, ‘பதிற்.’ என்று போட்டு எண் கொடுப்பது வழக்கமாயிற்று. கவனித்துப் பார்த்தால் அந்தச் சுருக்கங்கள் காதுக்கு இசைவானவை. குறுந்தொகையைக் ‘குறு.’ என்று வெட்டவில்லை, ‘குறுந்.’ என்று மெய்யில் நிறுத்தினார்கள். வாய்விட்டுப் படித்தாலே மீதி தானாக வந்துவிடும். ஆனால் அது இயங்கியதற்கு இன்னொரு காரணம், அந்த நூல்களின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை இருந்தது. பாட்டும் தொகையும் பதினெட்டு. ‘நற்.’ என்றால் நற்றிணையைத் தவிர வேறு எது? மூடிய தொகுப்புக்குள் சுருக்கம் பாதுகாப்பாக இருக்கும்.

அதே மரபு சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்குள் (1924–1936) போனபோது என்ன ஆயிற்று என்பதைப் பாருங்கள். இலக்கியச் சொல்லுக்கு நூலின் பெயர்ச் சுருக்கம், பாட்டு எண் எல்லாம் உண்டு. உழவர், மீனவர், தச்சர் வாயில் புழங்கிய சொல்லுக்கோ பல இடங்களில் ‘லோக்.’ என்று ஒரு முத்திரை மட்டும். வட்டார வழக்கு என்று பொருள். எந்த வட்டாரம், யார் சொன்னார்கள், யார் கேட்டு எழுதினார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிட்டது. ‘சிலப்.’ என்ற சுருக்கத்தை விரித்தால் ஒரு நூல் வரும். ‘லோக்.’ என்பதை விரித்தால் யாரும் வருவதில்லை. இரண்டுமே சுருக்கம்தான், முதலாவது ஒரு முகவரி, இரண்டாவது ஒரு தள்ளிவைப்பு. (அந்த அகராதி இல்லாமல் நான் ஒரு நாளும் எழுதியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

இதழ்கள் விஷயத்துக்கு வருவோம். நூல் தொகுப்பைப் போல அது மூடியதல்ல. தினம் ஒன்று பிறக்கும், மூன்று இதழில் செத்துப் போகும், பெயர் மாறும், பக்கத்து ஊர்க்காரர் அதே பெயரில் இன்னொன்று தொடங்குவார். மேற்கில் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவமும் வேதியியலும் இந்தப் பெருக்கத்தில் மூச்சுத் திணறின. 1879இல் அமெரிக்காவில் ஜான் ஷா பில்லிங்ஸ் ‘இண்டெக்ஸ் மெடிக்கஸ்’ தொடங்கினார். 1907இல் ‘கெமிக்கல் ஆப்ஸ்ட்ராக்ட்ஸ்’ வந்தது. 1920களில் லண்டனில் உலக அறிவியல் இதழ்களின் பட்டியல் அச்சாயிற்று. ஈய எழுத்து, தாள், கோப்பவர் கூலி என்று எல்லாமே காசு. ஒவ்வோர் அடிக்குறிப்பிலும் ‘ஜர்னல்’ என்பதை ‘ஜே.’ என்று சுருக்கினால் புத்தகத்துக்குப் பல பக்கம் மிச்சம். ஒவ்வொரு சங்கமும் ஒவ்வொரு விதமாகச் சுருக்கியதால் குழப்பம் வந்தது. குழப்பத்தைத் தீர்க்க உலகத் தர அமைப்பு ஒரு விதி செய்தது. அதற்குப் பெயர் ஐ.எஸ்.ஓ. 4. எந்தச் சொல்லை எப்படி வெட்டலாம் என்ற பெரும் பட்டியலைப் பாரீஸில் இருக்கும் ஐ.எஸ்.எஸ்.என். பன்னாட்டு மையம் பராமரிக்கிறது. புதுச்சேரிக்காரனுக்குப் பட்டியல் பாரீஸில் இருப்பது ஒன்றும் புதிதில்லை என்று நண்பர் ஒருவர் சிரித்தார்.

இங்கே எஸ்.ஆர். ரங்கநாதனைத் தாண்டிப் போக முடியாது. சீர்காழியில் 1892இல் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. விடுதலைக்குப் பின் இந்தியத் தர நிறுவனத்தின் ஆவணவியல் குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்நிறுவனம் இதழ்ப் பெயர்ச் சுருக்கத்துக்கென்றே 1949இல் ஒரு தரம் வெளியிட்டது, எண் 18. நாடு விடுதலையாகி இரண்டு வருஷத்தில், முதல் இருபது தரங்களுக்குள் ஒன்று இதழ்ப் பெயரை எப்படிச் சுருக்குவது என்பது! எனக்கு அதில் ஒரு மரியாதை உண்டு. ஆனால் அவருடைய நான்காம் விதியை வைத்தே கேட்கலாம்: சுருக்கம் யாருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது? எழுதுபவருக்கு மிச்சம், அச்சுக் கோப்பவருக்கு மிச்சம், பதிப்பாளருக்குக் காசு மிச்சம். வாசகர்தான் பட்டியலைத் தேடி அலைய வேண்டும். பட்டியல் கையில் உள்ள பெரிய நூலகத்து வாசகருக்கு அலைச்சல் இல்லை. லாஸ்பேட்டையில் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிற ஆளுக்கு?

சுருக்கங்களில் இரண்டு வகை இருக்கிறது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். முதலெழுத்துகளைக் கோத்துச் செய்வது ஒன்று. சொல்லின் வாலை வெட்டுவது இன்னொன்று. இ.பி.டபிள்யூ. என்றால் இயக்கத் தோழர்கள் எல்லோருக்கும் தெரியும். 1949இல் ‘எகனாமிக் வீக்லி’யாகத் தொடங்கி 1966இல் இன்றைய பெயருக்கு வந்த பம்பாய் வார இதழ். வெளியாளுக்கு அது மூன்று எழுத்து, அவ்வளவுதான். ஐ.எஸ்.ஓ. விதிப்படி எழுதினால் ‘எகான். பொலிட்.’ என்று வரும். குறைந்தபட்சம் பொருளாதாரம், அரசியல் என்று ஊகிக்கலாம். முதலெழுத்துச் சுருக்கத்தின் ஆபத்துக்கு நம் கண்ணெதிரே ஓர் உதாரணம்: ஜே.டி.எஸ். தமிழாய்வுக்காரர்களுக்கு அது 1969இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தொடங்கிய ‘ஜர்னல் ஆஃப் டமில் ஸ்டடீஸ்’. கிறித்துவ இறையியல் மாணவருக்கோ 1899 முதல் வருகிற ‘ஜர்னல் ஆஃப் தியலாஜிக்கல் ஸ்டடீஸ்’. இறையியல் பதிப்பகங்களின் கையேடுகளில் ஜே.டி.எஸ். என்பது அவர்களுக்குப் பட்டா போட்ட நிலம். தமிழும் கிறித்துவமும் சந்திக்கிற இடத்தில் ஆய்வு செய்கிறவர் (நம் பக்கத்தில் இப்படி நிறையப் பேர் உண்டு) ஒரே ஏட்டில் இரண்டையும் ஜே.டி.எஸ். என்று எழுதி மாட்டிக்கொள்வார். வாலை வெட்டும் முறையில் இந்தச் சிக்கல் இல்லை, ஒன்று ‘தியல்.’ என்று நிற்கும், மற்றது ‘டமில்’ என்று நிற்கும்.

ஆக, ஐ.எஸ்.ஓ. முறை மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அதன் விதிகளைத் தமிழ் இதழ்கள் மேல் வைத்துப் பார்த்தால் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒற்றைச் சொல் பெயரைச் சுருக்கக் கூடாது என்பது ஒரு விதி. இது நமக்குப் பெரிய கொடை. மணிக்கொடி, எழுத்து, நடை, கசடதபற, பிரக்ஞை, படிகள், மீட்சி, நிகழ் என்று சிறுபத்திரிகைகள் ஒற்றைச் சொல்லாகத்தான் பெயர் வைத்துக்கொண்டன. அவற்றை முழுதாக எழுதியாக வேண்டும். ஆனால் தமிழில் எது ஒற்றைச் சொல்? பெரியாரின் இதழ் முகப்பில் ‘குடி அரசு’ என்று இடம்விட்டே இருந்தது. பின்னால் எழுதியவர்களில் பலர் ‘குடியரசு’ என்று புணர்த்திவிட்டார்கள். இடம்விட்டால் இரண்டு சொல், சுருக்கலாம். சேர்த்தால் ஒரு சொல், சுருக்கக் கூடாது. கணினிக்கோ இவை இரண்டு வெவ்வேறு இதழ்கள். ‘செந்தமிழ்ச் செல்வி’யின் நடுவில் நிற்கும் ‘ச்’ யாருடையது, முதல் சொல்லுடையதா இரண்டாவதுடையதா? வெட்டும்போது அதை விடுவதா வைப்பதா? சந்தி தெரியாத விதிக்கு இதற்குப் பதில் இல்லை.

முக்கியமில்லாத சொற்களை, அதாவது சுட்டு, இணைப்பு, முன்னிடைச் சொற்களை விட்டுவிடலாம் என்பது இன்னொரு விதி. எது முக்கியமில்லாத சொல்? அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று சென்னை ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய வார இதழின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. விலை காலணா, அதாவது ஒரு பைசா. விலையையே பெயரில் வைத்து, யார் கையில் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தலைப்பிலேயே சொன்ன இதழ். ஆங்கிலத்து ‘ஏ’ மாதிரி ‘ஒரு’வையும் தள்ளிவிடலாம் என்று எவனாவது தமிழுக்குப் பட்டியல் போட்டால், ‘பைசாத் தமிழன்’ என்று ஆகி அர்த்தம் கெட்டுப் போகும். ஓர் ஆண்டு கழித்து 1908இல் இதழே தன் பெயரைத் ‘தமிழன்’ என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறிய இதழை இரண்டு பதிவாகப் போட வேண்டும் என்பது நூலக நியதி. நம் ஆய்வேடுகளில் முதல் ஆண்டுக் கட்டுரையையும் ‘தமிழன்’ என்றே குறிக்கும் வழக்கம் பரவிக் கிடக்கிறது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ பாளையங்கோட்டையிலிருந்து வந்த பிறகுதான் பலருக்கு இந்த இதழே தெரியும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த ‘ஒரு பைசா’ எவ்வளவு எளிதாகத் தவறிப் போயிருக்கும் என்பது புரியும். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய இதழின் பெயர் ‘பறையன்’. இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே நெற்றியில் எழுதிக்கொண்டு வந்த இதழ். அதை ‘ப.’ என்று யாராவது அடிக்குறிப்பில் போட்டால் அது வெறும் இடச்சிக்கனமா?

இதழின் பெயர் வேறு வழியிலும் காணாமல் போயிருக்கிறது. காலனிய அரசு சுதேசிப் பத்திரிகைகளைக் கண்காணிக்க மொழிபெயர்ப்பாளர்களை வைத்து வாராவாரம் சுருக்க அறிக்கை தயாரித்தது. ‘நேட்டிவ் நியூஸ்பேப்பர் ரிப்போர்ட்ஸ்’. ஆய்வாளர்கள் அதை என்.என்.ஆர். என்பார்கள். பல தமிழ் இதழ்களின் மூலப்பிரதி அழிந்துவிட்டது. அரசு மொழிபெயர்த்து வைத்த நாலு வரிதான் மிச்சம். எனவே வரலாற்று நூல்களின் அடிக்குறிப்பைப் புரட்டினால் என்.என்.ஆர்., என்.என்.ஆர். என்று வரிசையாக வரும். எந்த இதழ் பேசியது என்பது சில சமயம் உண்டு, பல சமயம் இல்லை. பேசியவர் பெயர் போய், ஒட்டுக்கேட்டவர் பெயர் மேற்கோளாக நிற்கிறது. அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதற்கு ஃபூக்கோவை இழுக்காமலே இந்த மூன்று எழுத்தைக் காட்டலாம்.

இதற்கு எதிர்முனையில் கல்வெட்டு. அரசுத் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890 முதல் வருகின்றன. எஸ்.ஐ.ஐ. 2, எண் 66 என்றால் உலகில் எந்த மூலையில் இருப்பவரும் தஞ்சைப் பெரிய கோயிலின் தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பட்டியலை எடுத்துவிடலாம். அதே இரண்டாம் தொகுதியில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. மாணவியின் இயலுக்கு அவை முக்கியச் சான்று. தேடுவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ராசராசனின் கல்வெட்டுக்கு ஆயிரம் வருஷம். என் ‘செ.’க்கு நூறுகூட ஆகவில்லை. ஆனால் அதற்குப் பின்னால் ஒரு துறை, ஓர் எண் வரிசை, ஒரு கிடங்கு இருந்தது. இதற்குப் பின்னால் நாலு புலவர்களின் சந்தாதான்.

1960களில் பிலடெல்ஃபியாவில் யூஜின் கார்ஃபீல்டு மேற்கோள்களைக் கணினியில் எண்ணத் தொடங்கினார். யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை எண்ணினால் எந்த இதழ் கனமானது என்று கணக்குப் போடலாம். எண்ணுவதற்கு இதழின் பெயர் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். அதற்காக நீண்ட பெயர்களையெல்லாம் 29 எழுத்துக் கட்டத்துக்குள் அடக்கினார்கள். அந்தக் கட்டம் இன்றும் அவர்களுடைய பதிவுகளில் இருக்கிறது. ‘காலச்சுவடு’ என்பதை ரோமன் எழுத்தில் ‘ச்சு’வுக்கு ஒரு சி போட்டு, இரண்டு சி போட்டு, மேலே கோடு கீழே புள்ளி வைத்து என்று மூன்று நாலு விதமாக எழுதலாம். எண்ணும் இயந்திரத்துக்கு மூன்று நாலு இதழ்; ஒவ்வொன்றுக்கும் ஒன்றிரண்டு மேற்கோள். பெரிய இதழ்களுக்கு இந்தச் சிதறலைத் திருத்த ஆள் இருக்கிறார்கள். நமக்கு?

பட்டியல் அரசியல் இங்கேயும் வந்து சேர்ந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2017இல் ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியல் போட்டது. 2018 மே மாதம் அதிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. 2019இல் ‘கேர்’ என்று வேறு பட்டியல் வைத்தது. 2025இல் அதையும் கைவிட்டது. எட்டு வருஷத்தில் இத்தனை ஆட்டம். அதற்கிடையில் எத்தனை பேர் வேலை, பதவி உயர்வு எல்லாம் ‘உங்க கட்டுரை வந்த இதழ் லிஸ்ட்ல இல்லையே’ என்ற ஒரு வாக்கியத்தில் நின்றுபோயிற்று என்பதை இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இனி மென்பொருள். மாணவி பயன்படுத்துவது ஸொட்டேரோ. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் வந்தது. காசு கிடையாது, மூலநிரல் திறந்தது. இயக்கக்காரர்களுக்கு ஏற்றதுதான். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு படிவம். அதில் இதழின் முழுப் பெயருக்கு ஓர் இடம், சுருக்கத்துக்குத் தனியாக ஓர் இடம். இது நல்ல ஏற்பாடு. முழுப் பெயரைக் கொடுத்துவிட்டால் ஏட்டில் எப்படி அச்சாக வேண்டும் என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் வேர்டில் மேற்கோள் செருகும்போது ஒரு சின்னக் கட்டம் வரும்: மெட்லைன் சுருக்கங்களைப் பயன்படுத்து என்று. அதில் டிக் அடித்திருந்தால் நாம் கையால் எழுதி வைத்த சுருக்கத்தை அது பார்ப்பதே இல்லை. அமெரிக்க மருத்துவ நூலகத்தின் பட்டியலைத்தான் கேட்கும். “நான் டைப் பண்ணது எங்க போச்சு தோழர்?” என்று மாணவி அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டது இதனால்தான். டிக்கை எடுத்தோம். வந்தது.

எண்ட்நோட்டில் ஒரு முழுப் பெயருக்கு மூன்று சுருக்கம்வரை பட்டியலில் வைக்கலாம். ஜாப்ரெஃபில் நாமே பட்டியல் செய்து கொடுக்கலாம். முழுப் பெயருக்கும் சுருக்கத்துக்கும் இடையே ஒரு பொத்தானில் மாறிக்கொள்ளும். 1985இல் வந்த பிப்டெக்கில் உள்ள முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு சுருக்கக் குறியை ஒரு முறை அறிவித்து இதுதான் அதன் முழுப் பெயர் என்று சொல்லிவிட்டால், எழுதும்போது நான் சுருக்கமாக எழுதுவேன். அச்சில் முழுப் பெயர் விழும். சோம்பல் எனக்கு, விரிவு வாசகருக்கு. என் அட்டைக் காலத்தில் இப்படி ஓர் அறிவிப்பை டின்னுக்குள் ஒரு தாளில் எழுதிப் போட்டிருந்தால் போதும், இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

தானாகச் சுருக்க மட்டும் விடக்கூடாது. கணினிக்குள் ‘செ’ என்பது ஓர் எழுத்தல்ல. முதலில் ‘ச’, பிறகு ஒற்றைக்கொம்பு. முதல் எழுத்தை மட்டும் எடு என்றால் சில மென்பொருள்கள் ‘ச.’ என்று வெட்டிக் கொடுக்கும். செந்தமிழ் ‘ச.’ ஆகிவிடும். ‘தமிழ்’ என்பதில் கடைசிப் புள்ளி தனி என்பதால் அதுவும் உதிரும். உ.வே.சா. ‘குறுந்.’ என்று மெய்யில் நிறுத்தியதன் அருமை அப்போதுதான் தெரிகிறது. அவருக்குத் தமிழ் எழுத்து எது என்று தெரியும்.

பாரதியின் ‘இந்தியா’வில் வந்து நின்றோம். 1906இல் சென்னையில் தொடங்கி, 1908இல் வழக்கு வந்தபின் நம்மூருக்கு வந்து, 1910 வரை நடந்த வார இதழ். ஒற்றைச் சொல், சுருக்க வேண்டாம். ஆனால் அதே காலத்தில் லண்டனில் காங்கிரசின் பிரிட்டிஷ் குழு நடத்திய இதழுக்கும் பெயர் ‘இந்தியா’தான். இப்படிப் பெயர் மோதினால் அடைப்புக்குறிக்குள் ஊர்ப் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது ஐ.எஸ்.எஸ்.என். மரபு. ‘இந்தியா (சென்னை)’, ‘இந்தியா (புதுச்சேரி)’ என்று இரண்டு பதிவு போட்டோம். இங்கே பெயரைச் சுருக்குவதற்குப் பதில் நீட்ட வேண்டியிருந்தது. நீட்டியதும் பத்திரிகை எல்லை தாண்டிய கதையும் பெயரிலேயே வந்துவிட்டது.

‘செ. 12:4’ மட்டும் தீரவில்லை. நான் போன நூலகத்தில் ஒன்றின் பன்னிரண்டாம் தொகுதி இல்லை. மற்றது “பைண்டிங்குக்குப் போயிருக்கு சார்” என்றார்கள். எப்போது வரும் என்பதற்குச் சிரிப்புதான் பதில். மாணவி அந்த மேற்கோளை இயலிலிருந்து எடுத்துவிட்டார். சரிதான். தெரியாததைச் சான்றாக வைக்கக் கூடாது. ஒரு புலவர் என்றோ எழுதிய ஒரு மறுப்பு, என் சோம்பலால் இந்த முறை விவாதத்துக்குள் வரவில்லை.

மறுநாளிலிருந்து இருவரும் உட்கார்ந்து ஜாப்ரெஃபுக்கு ஒரு பட்டியல் செய்ய ஆரம்பித்தோம். முதல் பத்தியில் இதழின் முழுப் பெயர், முகப்பில் எப்படி இருந்ததோ அப்படியே. அடுத்ததில் சுருக்கம், பெரும்பாலும் காலியாகவே விட்டிருக்கிறோம். பக்கத்தில் ஒரு தாளில் ஊர், ஆண்டு, தொகுதிக்கும் இதழுக்கும் அந்த இதழ் வைத்த சொந்தப் பெயர்: சிலம்பு–பரல், துணர்–மலர். நாற்பது இதழ் போல முடிந்தது. ‘குடி அரசு’ வந்தபோது தகராறு. “எல்லாரும் குடியரசுன்னுதான் தேடுவாங்க தோழர், இடம் விட்டா கிடைக்காது” என்றார். முகப்பில் இடம் இருந்ததே என்றேன். பேசிப் பேசி இரவு பதினொன்று ஆகிவிட்டது. கடைசியில் இடம் விட்டோம்.